தாமான் வீட்டில் உறுமி அடிக்க ஓர் அறை: சத்தத்தை அடைக்க வழி உண்டா?

#1 செம்பனைக்காட்டான்

வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் ஏழு பேர் கொண்ட உறுமி மேளக் குழு. மூன்று உறுமி, மூன்று தப்பு, பாட ஒருத்தன். எல்லாரும் ஒரே தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்தவர்கள். அங்கே எந்த நேரத்தில் அடித்தாலும் கேட்க ஆள் கிடையாது. கேட்டாலும் "இன்னும் கொஞ்சம் வேகமா அடிடா" என்பார்கள்.

லயத்தை விட்டு வந்து எட்டு வருஷம் ஆகிறது. இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒற்றை மாடி வரிசை வீடு, அதுவும் நடு வீடு. இடப்பக்கம் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் மலாய்க்கார அக்கா, வலப்பக்கம் வயதான சீன அங்கிளும் ஆன்ட்டியும். போன மாதம் அந்த அக்கா கையில் ஒரு தட்டு குவேயோடு வாசலுக்கு வந்தார். "அடிக் (தம்பி), எனக்கு நைட் ஷிப்ட். பகலில்தான் தூங்க முடியும்" என்றார். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பலகாரத்தோடு வந்து சொன்னதுதான் சுட்டது.

பின்னறை ஒன்று காலியாக இருக்கிறது. 10 அடிக்கு 10 அடி, உயரமும் 10 அடி. இணையத்தில் பார்த்துக் கறுப்பு ஸ்பாஞ்சு 96 துண்டு வாங்கி நான்கு சுவரிலும் ஒட்டினேன். உள்ளே பாடினால் குரல் சுத்தமாகக் கேட்கிறது. வெளியே ஒன்றும் மாறவில்லை. சொந்தப் பாட்டுகளை வீட்டிலேயே ரெக்கார்டிங் செய்யவும் ஆசை. கையில் 8,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. என்ன செய்யலாம்?

#2 கடைசி பெஞ்சு

ஸ்பாஞ்சுக்குப் பதில் முட்டை அட்டை ஒட்டிப் பாருங்கள். பசாரில் (சந்தையில்) கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். எங்கள் மாமா பையன் குழுவோடு வாசித்துப் பழகும் ஜாமிங் ரூம் முழுக்க அதுதான்.

#3 ஈப்போ சவுண்டு

முட்டை அட்டையில் நிற்பது முட்டை மட்டும்தான். கரப்பான் குடும்பம் நடத்த நல்ல இடம், தீப்பிடித்தால் நொடியில் பரவும். அதை விட்டுவிடுவோம்.

தம்பி, நீங்கள் இரண்டு வேலையை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டீர்கள். அறைக்குள் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வருவதைக் குறைப்பது ஒரு வேலை. ஸ்பாஞ்சு, ராக்வூல் என்ற கல் இழைப் பஞ்சு, தடித்த திரைச்சீலை எல்லாம் அதற்குத்தான். உள்ளே குரல் சுத்தமாகக் கேட்கிறது என்றீர்களே, அதோடு அதன் வேலை முடிந்தது. சத்தம் சுவரைத் தாண்டிப் போகாமல் நிறுத்துவது வேறு வேலை. அதற்கு எடை வேண்டும், ஓட்டை இருக்கக் கூடாது. அந்த ஸ்பாஞ்சில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்று மறுபக்கம் போகிறதா? சத்தமும் போகும்.

இப்போது கணக்கு. ஏழு பேர் மூடிய அறையில் அடித்தால் 105 டெசிபலைச் சுலபமாகத் தொடும். இருபுறமும் பூசிய நாலரை இஞ்சி செங்கல் சுவர், ஒழுங்காகக் கட்டியிருந்தால், பேச்சுக் குரலின் சுருதியில் ஏறக்குறைய 45 டெசிபலைத் தடுக்கும். மீதி 60. பக்கத்து வீட்டுப் படுக்கையறையில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைப் போல. தூங்குகிற அறையில் 30 பக்கம் இருந்தால்தான் மனிதன் தூங்குவான். ஆக, இன்னும் 30 டெசிபலை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது ஐந்து ஆறு டெசிபல். 30 வேண்டுமென்றால் ஐந்து தடவை இரட்டிப்பாக்க வேண்டும். நாலரை இஞ்சியை ஐந்து தடவை இரட்டித்துப் பாருங்கள், 12 அடி கனம் வரும். உங்கள் அறையே 10 அடிதான்.

இதனால்தான் ஸ்டூடியோக்காரர்கள் ஒரே சுவரைத் தடிப்பாக்குவதில்லை. அறைக்குள் இன்னோர் அறை கட்டுகிறார்கள். இரண்டு சுவர், நடுவில் காற்று, ஒன்றையொன்று தொடக் கூடாது. வெளிச்சுவருக்கும் உள்சுவருக்கும் நடுவில் ஓர் ஆணி பாலம் போட்டாலும் அதிர்வு அந்த வழியாகக் கடந்துவிடும்.

இன்னொன்று. உறுமியைப் போல ஒரு சங்கடமான வாத்தியத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வளைந்த குச்சியால் தேய்க்கிற பக்கத்தில் இருந்து எழும் அந்த முனகல் இருக்கிறதே, அது தாழ்ந்த சுருதி. 100 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர். இரண்டு இஞ்சி ஸ்பாஞ்சு அதற்குக் கொசுவலை மாதிரி. தப்பின் 'டக்' சத்தத்தைச் சுவர் பிடித்துவிடும். உறுமிதான் வீடு வீடாகப் போய் விசாரிக்கும்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். பக்கத்து வீட்டில் அனுமதி கேட்டு, நண்பர்களை அடிக்கச் சொல்லிவிட்டு, அங்கே போய் நின்று கேளுங்கள். அளந்தும் சொல்லுங்கள்.

#4 செம்பனைக்காட்டான்

ஈப்போ அண்ணே, செய்துவிட்டேன். மலாய்க்கார அக்கா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். கைப்பேசிச் செயலியில் எங்கள் அறையில் 103 காட்டியது, அவர் படுக்கையறையில் 62. ஆனால் 62 என்று காட்டியதைவிட நேரில் மோசமாக இருந்தது. அவருடைய அலமாரிக் கதவு கடகடத்தது. தலையணையில் காதை வைத்துப் பார்த்தேன், உறுமி மட்டும் தனியாகக் கேட்டது. எட்டு வருஷமாக இதை அவருக்குச் செய்துகொண்டிருக்கிறேன்.

எங்கள் அறையில் கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய நாக்கோ ஜன்னல், மேலே காற்றுக்கு ஓட்டைக்கல் வரிசை. கதவு ஃபிளைவுட், தட்டினால் டப்பா மாதிரி சத்தம். மேலே பழைய வெள்ளை சிலிங் ஷீட், அதற்கு மேல் ஓடு.

#5 ஈப்போ சவுண்டு

அந்தச் செயலி பெரும்பாலும் 'ஏ' எடையில் அளக்கும். காதின் போக்குக்கு ஏற்ப தாழ்ந்த சுருதியைக் குறைத்துக் காட்டும் முறை அது. 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபலைக் கழித்துவிடும். கைப்பேசி மைக்கும் தாழ்ந்த சத்தத்தைச் சரியாக வாங்காது. அலமாரி ஆடியதுதான் உண்மையான மீட்டர்.

ஓட்டைக்கல்லையும் நாக்கோவையும் வைத்துக்கொண்டு சுவரைப் பற்றிப் பேசுவதே வீண். சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மீதி 99 பங்கும் கோட்டைச் சுவராக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. நாக்கோவை முழுக்கச் சாத்தினாலும் ஒவ்வொரு கண்ணாடிக்கும் நடுவில் சந்து இருக்கிறது.

#6 சிலிங் வேலை

நான் பதினைந்து வருஷமாக ஜிப்சம் வேலை செய்கிறேன். மூன்று ஜாமிங் ரூம் கட்டியிருக்கிறேன். அதில் ஒன்று சொதப்பல், அதில் இருந்துதான் நிறைய கற்றேன்.

முதல் எச்சரிக்கை. பழைய வீட்டு வெள்ளை சிலிங் ஷீட்டில் அஸ்பெஸ்டாஸ் (கல்நார்) இருக்கலாம். உடைக்காதீர்கள், துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள். தூசிதான் விஷம். தெரிந்த ஆள் வந்து பார்க்கட்டும். முடிந்தால் அதைத் தொடாமல் அதற்குக் கீழே புது சிலிங்கைப் புதுச் சுவர் மேலேயே உட்கார வைக்கலாம். அப்படித்தான் செய்யவும் வேண்டும். பழைய கூரைக் கட்டையில் தொங்கவிட்டால் இரண்டு அறையும் ஒட்டிக்கொள்ளும்.

ஜன்னலையும் ஓட்டைக்கல்லையும் செங்கல் வைத்து அடைத்துப் பூசுங்கள். ஆனால் வெளிச்சுவரில் கை வைப்பதற்கு முன் நகராண்மைக் கழகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதுவும் வாடகை வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம்.

உள்சுவருக்கு இரும்பு ஸ்டட் (பலகையைத் தாங்கும் நிற்கும் சட்டம்), 75 மில்லி. பழைய சுவரில் இருந்து ஓர் இஞ்சி தள்ளி நிறுத்த வேண்டும், ஸ்டட்டின் மூன்று இஞ்சியும் சேர்ந்து நடுவில் நான்கு இஞ்சி இடைவெளி கிடைக்கும். மரக்கட்டை வேண்டாம். நம்ம ஊரில் கரையான் மூன்று வருஷத்தில் உங்கள் ஸ்டூடியோவில் அவனே கச்சேரி வைப்பான். மெல்லிய இரும்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், சத்தத்துக்கு அதுவும் நல்லது. ஸ்டட்டுக்கு நடுவில் ராக்வூல், அமுக்கித் திணிக்காமல். உள்பக்கம் மட்டும் 12 மில்லி ஜிப்சம் இரண்டு அடுக்கு, முதல் அடுக்கின் இணைப்பும் இரண்டாவதின் இணைப்பும் ஒரே இடத்தில் வரக் கூடாது. தரையோரம், மூலை, சுவிட்சுப் பெட்டி எல்லா இடத்திலும் இறுகிப்போகாத சீலன்ட் (சந்து அடைக்கும் பசை). சுவிட்சை உள்சுவரில் பள்ளம் வெட்டிப் பதிக்காதீர்கள், சுவர் மேலேயே பெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொதப்பிய அறையைச் சொல்கிறேன். வாடிக்கையாளர் அவசரப்பட்டார். பழைய செங்கல் சுவர் மேலேயே ஓர் இஞ்சிக் கட்டை அடித்து, அதன் மேல் பலகை போட்டேன். பேச்சுச் சத்தம் குறைந்தது. காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம் முன்பைவிட அதிகமாகக் கேட்டது! இரண்டு கனத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மெல்லிய காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி. அதற்கென்று ஒரு சுருதி உண்டு, அந்தச் சுருதியில் சுவரே ஆடிக் கொடுக்கும். இடைவெளி கூடக் கூட, எடை கூடக் கூட அந்தச் சுருதி கீழே இறங்கும். ஓர் இஞ்சி இடைவெளியில் அது பாஸ் கித்தாருக்கும் உறுமிக்கும் நடு மார்பில் வந்து நிற்கும்.

கதவுக்கு ஒரு யோசனை. பழைய கட்டடம் இடிக்கும் இடத்தில் தீத்தடுப்புக் கதவு கிடைக்கும், இரண்டு ஆள் தூக்க வேண்டிய எடை. சுற்றிலும் ரப்பர் பட்டை, கீழே இறங்கி அடைக்கும் சீல். வெளிச்சுவரில் ஒன்று, உள்சுவரில் ஒன்று என இரண்டு கதவு. அறையை எல்லாரும் சுவரில்தான் அளக்கிறார்கள், சத்தம் கதவில்தான் போகிறது.

#7 கித்தா மரம்

ஒரு சந்தேகம். நம்மைச் சுற்றி ரப்பர்தானே. தோட்டத்தில் புகை போட்ட ரப்பர் சீட்டை வாங்கிச் சுவரில் அறைந்தால் என்ன? ரப்பர் சத்தத்தை அடக்கும் என்கிறார்களே.

#8 ஈப்போ சவுண்டு

அறையெல்லாம் வாடை வரும். ஆறு மாதத்தில் பிசுபிசுக்கும். சுவரில் ஒட்டினால் அதன் எடைக்கு ஏற்ற பலன் மட்டும்தான், அதே எடைக்கு ஜிப்சம் மலிவு.

ஆனால் ரப்பருக்கு இடம் உண்டு, காலுக்குக் கீழே. 1966இல் லண்டனில் சுரங்க ரயில் நிலையத்துக்கு மேல் ஓர் அடுக்குமாடி கட்டினார்கள், ஆல்பனி கோர்ட் என்று பெயர். ரயில் அதிர்வு மேலே ஏறாமல் இருக்க முழுக் கட்டடத்தையும் இயற்கை ரப்பர் தாங்கிகள் மேல் உட்கார வைத்தார்கள். 2014இல் திறந்த பினாங்கு இரண்டாவது பாலத்திலும் நில அதிர்வுக்காக ரப்பர் தாங்கிகள் உண்டு. நம் தாத்தா பாட்டி சீவிய பால் எங்கெங்கோ போய்க் கட்டடத்தைத் தாங்குகிறது, நம் வீட்டு உறுமியைத் தாங்காதா?

ஆனால் அங்கேயும் கணக்கு இருக்கிறது. மேலே இருக்கும் எடை ரப்பரைக் கொஞ்சமாவது அமுக்க வேண்டும். அமுங்காத ரப்பர் கல் மாதிரி. லேசான பலகைக்கு அடியில் முரட்டு ரப்பர் வைத்தால் எந்தப் பலனும் இல்லை. டிரம்ஸ்காரர்கள் இரண்டு ஃபிளைவுட்டுக்கு நடுவில் டென்னிஸ் பந்துகளை அடுக்கி மேடை செய்வது இதனால்தான். உறுமி தோளில் தொங்குவதால் உங்களுக்குத் தரை பெரிய பிரச்சினை இல்லை. ஸ்பீக்கரும் பாஸ் ஆம்ப்பும் வைத்தால் அவற்றுக்கு அடியில் போடுங்கள்.

#9 கீபோர்ட் மணி

சிலிங் வேலை அண்ணன் சொன்னபடி எல்லாம் அடைத்துக் கட்டிய ஓர் ஆத்மா பேசுகிறேன். நான் ஆள் வைத்துக் கட்டினேன். காற்றைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. ஏர்கோன் இருக்கிறதே என்றார்கள். ஏர்கோன் உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கும், புதுக் காற்று ஒரு சொட்டு வராது. ஐந்து பேர் ஒன்றரை மணி நேரம் வாசித்தோம். பாடகனுக்குத் தலைவலி, எனக்குக் கொட்டாவி. ராகம் சரியில்லை என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டோம். கதவைத் திறந்த பிறகுதான் புரிந்தது, தப்பு ராகத்தில் இல்லை.

மூன்றாவது மாதம் மூலையில் பூஞ்சணம். வெளியே ஈரம், உள்ளே குளிர், ஜிப்சம் காகிதம் பூஞ்சணத்துக்கு விருந்து. மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் புஸ் புஸ் என்று இரைய ஆரம்பித்தது. இப்போது மைக்கை சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வைக்கிறேன்.

பிறகு நானே உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என இரண்டு காற்றுப் பெட்டி செய்தேன். ஃபிளைவுட் பெட்டி, உள்ளே வளைந்து வளைந்து போகும் வழி, சுற்றிலும் ராக்வூல், அதன் மேல் துணி. காற்று வளைந்து போய்விடும், சத்தம் ஒவ்வொரு வளைவிலும் ராக்வூலில் மோதித் தேயும். வழி அகலமாக இருக்க வேண்டும். குறுகினால் காற்றே உஸ்ஸென்று ரெக்கார்டிங்கில் விழும். கட்டும்போதே செய்திருந்தால் பாதிச் செலவு.

#10 நைட் ஷிப்ட்

நான் வாத்தியக்காரி இல்லை. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நீங்கள் எல்லாரும் அடிக்கிறவர் பக்கமே பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

சத்தம் அளவாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். எப்போது ஆரம்பிக்கும் என்று தெரியாததுதான் கொடுமை. கண்ணை மூடிப் படுத்து, இப்போ அடிப்பானா, இன்னும் பத்து நிமிஷத்தில் அடிப்பானா என்று காத்துக்கொண்டே இருப்பேன். அடிக்காத நாளிலும் தூக்கம் போகும். சுற்றுச்சூழல் இலாகாவின் வழிகாட்டி இரவு என்பதைப் பத்து மணியில் இருந்து காலை ஏழு வரை என்று வைக்கிறது. அந்தக் கணக்கில் என் இரவு வராது. உங்கள் பக்கத்து வீட்டு அக்காவுடையதும் வராது.

என் பக்கத்து வீட்டுப் பையன் டிரம்ஸ். கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? என் ஷிப்ட் அட்டவணையை மாதா மாதம் அவன் அம்மாவிடம் கொடுக்கிறேன். அவர்கள் வீட்டு ஐஸ்பெட்டியில் ஒட்டியிருக்கிறது. செலவு ஒரு காகிதம்.

#11 செம்பனைக்காட்டான்

அக்கா, படித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. மன்னிக்கவும்.

இரண்டு நாளாகக் கணக்குப் போட்டேன். ஒரு பக்கத்துக்கு இடைவெளி ஓர் இஞ்சி, ஸ்டட் மூன்று இஞ்சி, பலகை ஓர் இஞ்சி. இரண்டு பக்கமும் சேர்த்து 10 இஞ்சி போய்விடும். அதற்கு மேல் நான்கு இஞ்சி ராக்வூல் பேனல் வைத்தால் மிஞ்சுவது எட்டரை அடிக்கு எட்டரை அடி. சுவருக்கும் சிலிங்குக்கும் இரண்டு அடுக்கென்று நாலுக்கு எட்டு பலகை ஏறக்குறைய 30 வேண்டும், முக்கால் டன் எடை. பலகை, ஸ்டட், ராக்வூல், இரண்டு கதவு, ஏர்கோன், காற்றுப் பெட்டி, வயரிங். 8,000 கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. இவ்வளவும் செய்து, அந்த எட்டரை அடியில் மூன்று உறுமியோடு ஏழு பேர் நின்றால் குச்சி வீசினால் அடுத்தவன் மூக்கு.

#12 ஈப்போ சவுண்டு

மூக்கு போனால் பரவாயில்லை, காது போகும். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது பொதுவாக வைக்கும் கணக்கு. 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிஷம்தான். திறந்த வெளியில் சத்தம் போய்விடும், பெட்டிக்குள் அடைத்தால் உங்கள் மேலேயே விழும். எந்த அறையானாலும் காதில் அடைப்பான் போடாமல் அடிக்காதீர்கள்.

#13 பழைய கிராணி

நான் தோட்டத்தில் கிராணியாக (அலுவலக எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். டெசிபல் எல்லாம் எனக்குத் தெரியாது.

தம்பி, உறுமி சாமி வருவதற்கு முன்னால் ஊருக்குச் சொல்லும் வாத்தியம். தூரத்தில் கேட்க வேண்டும் என்றே செய்தது. அதைக் கொண்டுபோய் எட்டரை அடிப் பெட்டிக்குள் அடைப்பதற்கு எட்டாயிரம் செலவழிக்கிறீர்களே. உங்கள் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை இன்னும் நிற்கிறதா? பெரும்பாலான தோட்டத்தில் பிள்ளை இல்லாமல் பூட்டிக் கிடக்கிறது, அல்லது ஸ்டோராக மாறிவிட்டது. கோயில் கமிட்டி மூலமாக மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இத்தனை பேர், பெயர்ப் பட்டியல். வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். கடிதத்துக்குப் பதில் எழுதியாக வேண்டும்.

#14 கடைசி பெஞ்சு

பெரியவர் அடித்தார் பாருங்கள். எங்கள் மாமா பையனையும் அனுப்பி வைக்கிறேன்.

#15 ஈப்போ சவுண்டு

கிராணி ஐயா சொன்னதை என் தொழில் பாஷையில் சொல்கிறேன். பயிற்சிக்கு ஓர் இடம், ரெக்கார்டிங்குக்கு ஓர் இடம். இரண்டையும் ஒரே அறையில் கேட்டதால்தான் விலை ஏறியது. பயிற்சிக்குத் தேவை தூரம். ரெக்கார்டிங்குக்குத் தேவை ஓர் ஆள் பாட அமைதி, அது பின்னறையிலேயே கிடைக்கும். தனியாக விரல் பழக்க லாரி டயர் போதும், தோளில் மாட்ட வேண்டிய அவசியமே இல்லை.

பின்னறையில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 10, 10, 10. கன சதுரம். ஒரு பக்கத்து நீளத்துக்கு ஏற்ப அறைக்கு ஒரு சொந்தச் சுருதி உண்டு. நம்ம ஊர் சூட்டில் 10 அடிக்கு அது ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறு வேறாக இருந்தால் மூன்று சுருதி தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். உங்கள் அறையில் மூன்றும் ஒரே இடத்தில் குவிந்து, அந்த ஒரு ஸ்வரம் மட்டும் பூதம் மாதிரி ஊதும். சரியாக அறை நடுவில் போய் நின்றால் அதே ஸ்வரம் காணாமல் போகும். அந்த 96 ஸ்பாஞ்சு மேல் சுருதியை மட்டும் தின்றதால் ரெக்கார்டிங்கில் குரல் கம்பளிக்குள் பேசுவது போல இருக்குமே?

#16 செம்பனைக்காட்டான்

ஆமாம் அண்ணே! கீழே கும்முகிறது, மேலே மந்தம். மைக்தான் காரணம் என்று நினைத்தேன்.

#17 ஈப்போ சவுண்டு

பாதி ஸ்பாஞ்சைப் பிய்த்துவிடுங்கள். மூலைகளில் தரையில் இருந்து சிலிங் வரை தடித்த ராக்வூல், ஓர் அடியாவது கனம், துணி போர்த்தி. ராக்வூலை வெறும் கையால் தொடாதீர்கள், முகமூடி போடுங்கள். ஒரு சுவரோரம் புத்தகம், சாமான் நிறைந்த அலமாரி. இதனால் அறையின் ஒழுங்கு கொஞ்சமாவது குலையும். ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளில் அளந்து பாருங்கள். பாடும் மைக் டைனமிக் ஆக இருக்கட்டும், ஷூர் எஸ்எம்58 மாதிரி. வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாடினால் வெளிச் சத்தத்தை அது அவ்வளவாக வாங்காது. கண்டென்சர், தெருமுனை ஐஸ்கிரீம் வண்டியையும் ரெக்கார்டிங் செய்யும்.

மழைக்கு வழியில்லை. நான்கு மணிக்கு மேல் வானம் கறுத்தால் ரெக்கார்டிங்கை நிறுத்துங்கள். இடி இடித்தால் பிளக்கையும் கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் அடைத்தால் போதாது. எனக்கு ஒரு மிக்சர் அப்படிப் போனது.

#18 செம்பனைக்காட்டான் (ஏழு வாரம் கழித்து)

நீண்ட நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

ஜன்னலைச் செங்கல் வைத்து அடைக்கவில்லை, அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "செத்தால் பிணம் தூக்கக்கூட வழி வைக்க மாட்டியா" என்றார். அதனால் உள்பக்கம் கழற்றக்கூடிய கனமான பலகை மூடி செய்தேன், இரண்டு ஃபிளைவுட்டுக்கு நடுவில் ஜிப்சம், ஓரமெல்லாம் ரப்பர் பட்டை. ஓட்டைக்கல் வரிசையில் ஒரு பக்கத்தை அடைத்து, மறுபக்கம் கீபோர்ட் மணி சொன்ன வளைவுப் பெட்டி, சின்ன விசிறியோடு. தீத்தடுப்புக் கதவு ஈப்போவில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. வீட்டுக்குள் கொண்டுவர நான்கு பேர், ஒருவன் விரல் நசுங்கியது. மூலைகளில் ராக்வூல். மொத்தம் 3,100 வெள்ளி.

பாட்டும் கீபோர்டும் பக்கத்து வீட்டில் கேட்கவில்லை. அக்கா வீட்டில் நின்று சோதித்தேன், அவரும் காதை வைத்துப் பார்த்தார். ரயில் போகும்போது மட்டும் ரெக்கார்டிங்கில் மெல்ல ஒரு முனகல் விழுகிறது. ஈப்போ, பாடாங் பெசார் தண்டவாளம் எங்களுக்குப் பின்னால்தான். நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டேன். அதற்குப் பக்கத்திலேயே அக்காவின் ஷிப்ட் அட்டவணை. நைட் ஷிப்ட் அக்கா, நன்றி.

உறுமி வீட்டில் கிடையாது. தோட்டத்துக்குக் கடிதம் கொடுத்தோம். முதலில் பதில் இல்லை. கோயில் தலைவரோடு நேரில் போனோம். ஆயாக்கொட்டகை இடிந்துவிட்டது, ஆனால் பழைய உர ஸ்டோர் இருக்கிறது. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு, எதிரே செம்பனை மரங்கள் மட்டும்தான். ஞாயிறு காலை எட்டில் இருந்து பதினொன்று வரை. குப்பையை நாங்களே கூட்ட வேண்டும், திருவிழாவில் இரண்டு நாள் சும்மா அடிக்க வேண்டும். சம்மதித்தோம். முதல் ஞாயிறு அடித்தபோது பக்கத்து லயத்தில் மிஞ்சியிருக்கும் ஒரு பாட்டி கோலூன்றி நடந்து வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டார். கடைசி வரை போகவில்லை.

இப்போது அடுத்த சந்தேகம். அந்த ஸ்டோரிலேயே உறுமியை ரெக்கார்டிங் செய்யலாம் என்று பார்க்கிறோம். தகரத்தில் சத்தம் தட்டித் திரும்புகிறது. மைக்கை எங்கே வைப்பது?

#19 ஈப்போ சவுண்டு

திறந்த பக்கத்துக்கு வந்துவிடுங்கள், தகரத்துக்கு அடியில் நிற்காதீர்கள். உங்கள் முதுகு செம்பனையைப் பார்க்கட்டும், மைக்கின் முதுகு தகரத்தைப் பார்க்கட்டும். தேய்க்கிற பக்கத்துக்கு ஒன்று, அடிக்கிற பக்கத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஓர் அடி தள்ளி. வீட்டுக்கு வந்து இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது கனம் காணாமல் போனால் ஒன்றின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல் கீழை) மென்பொருளில் திருப்பிப் பாருங்கள். கரண்ட் இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் ரெக்கார்டர் என்னிடம் ஒன்று இருக்கிறது. அடுத்த ஞாயிறு எனக்கு வேலை இல்லை.

#20 செம்பனைக்காட்டான்

அண்ணே, எட்டு மணிக்குத் தோட்டத்து கேட்டில் நிற்கிறேன். ஜாகாவிடம் (காவலாளியிடம்) உங்கள் காடி (கார்) நம்பரைக் கொடுக்க வேண்டும், தனியாகச் செய்தியில் அனுப்புங்கள். தோசை அம்மா கட்டிக் கொடுப்பார்.

#21 பழைய கிராணி

அந்தப் பாட்டிக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போங்கள்.